செல்போனை வாங்கியது சரி, திறந்தது எதற்கு?

தென் மாவட்டம் ஒன்றில், அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பள்ளி, பெயர் முதலிய அடையாளங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பள்ளியின் நுழைவாயிலிலேயே ‘மாணவர்கள் செல்போன் கொண்டுவரத் தடை’ என்று பலகை இருக்கிறது. ஆனால் வீட்டுப்பாடம் வருவது வகுப்பு வாட்ஸ்அப் குழுவில். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிக் கொடுத்த செல்போன் பலருடைய பையில் இன்றும் இருக்கிறது. பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லி இவரே சில நாட்கள் அனுமதித்ததும் உண்டு.

ஒரு நாள் தனிஊசல் படத்தைக் கரும்பலகையில் வரைந்துவிட்டுத் திரும்புகிறார். மூன்றாவது பெஞ்சில், ஜியாமெட்ரி பாக்ஸ்மீது சாய்த்து வைக்கப்பட்ட ஒரு செல்போன் தன்னைப் படம் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறார். வாங்கிக்கொள்கிறார். அதோடு நிற்கவில்லை. பையனைப் பூட்டைத் திறக்கச் சொல்கிறார். அவனும் திறந்து கொடுக்கிறான். உள்ளே தன்னுடைய பழைய வீடியோக்கள் சில, சினிமா வசனம் சேர்த்துக் கேலிக்காகத் தயாரிக்கப்பட்டவை. நண்பர்கள் குழு ஒன்றில், வகுப்பு மாணவிகளை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்த படங்கள், கீழே கொச்சையான குறிப்புகள். ஆத்திரத்தில் அவற்றில் ஒன்றை வகுப்பில் உரக்கப் படித்துவிட்டார். படங்களைத் தன் செல்போனுக்கு அனுப்பி, அங்கிருந்து தலைமை ஆசிரியருக்கும் அனுப்பினார். செல்போன் இரண்டு வாரம் ஆசிரியர் அறை அலமாரியில் கிடந்தது. திருப்பிக் கொடுக்கும்போது திரையில் விரிசல்.

இப்போது பையனின் அப்பா, செல்போன் விலையைத் தராவிட்டால் திருட்டு வழக்குப் போடுவேன் என்கிறார். தலைமை ஆசிரியர், மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து விஷயத்தை முடியுங்கள் என்கிறார். ‘அனுமதி இல்லாமல் என்னை வீடியோ எடுத்தது சைபர் குற்றம்தானே, நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?’ என்று கேட்கிறார் வாசகி. கடிதத்தின் கடைசியில் ஒரு தகவல்: இனி யார் கையிலும் செல்போன் இருக்கக் கூடாது என்று நிர்வாகம் உத்தரவிட்டுவிட்டதாம். பாடத்தைப் பதிவு செய்து கேட்டுப் படிக்கும் பார்வைக் குறைபாடுள்ள மாணவரின் செல்போனும் அதில் போயிற்று. ‘அவருக்கு மட்டும் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள்’ என்கிறாராம் தலைமை ஆசிரியர்.

அன்புள்ள சகோதரிக்கு,

திரும்பி நின்று பாடம் நடத்தும் நேரத்தில் முதுகுக்குப் பின்னால் ஒரு கேமரா ஓடிக்கொண்டிருப்பது எவரையும் நிலைகுலைய வைக்கும். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தில் நீங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்த ஐந்து செயல்களையும் ஒரே செயலாக நினைத்துக்கொண்டு கடிதம் எழுதியிருக்கிறீர்கள். செல்போனை வாங்கினீர்கள், திறந்தீர்கள், படித்துக் காட்டினீர்கள், படங்களை அனுப்பினீர்கள், இரண்டு வாரம் வைத்திருந்தீர்கள். சட்டம் இவற்றைத் தனித்தனியாகத்தான் பார்க்கும். ஒன்றில் உங்களுக்கு முழு பலம் இருக்கிறது. மற்றவற்றில் அது குறைந்துகொண்டே போகிறது.

வாங்கியதில் தவறில்லை

வகுப்பு நடக்கும்போது இடையூறாக இருக்கும் பொருளை ஆசிரியர் வாங்கி வைக்கலாம். இதற்குத் தனிச் சட்டப் பிரிவு தேட வேண்டியதில்லை. வகுப்பை நடத்தும் பொறுப்பிலேயே அந்த அதிகாரம் அடங்கியிருக்கிறது. 2025 பிப்ரவரி இறுதியில், கேந்திரிய வித்யாலயா மாணவர் ஒருவர் தொடர்பான வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் பள்ளிகளுக்குச் சில நெறிகளை வகுத்துக் கொடுத்தது. பள்ளிக்கு ஸ்மார்ட்போன் கொண்டுவருவதையே முற்றாகத் தடுக்க வேண்டாம். வகுப்பறையில் பயன்படுத்துவதைத் தடுக்கலாம். பொது இடங்களில் கேமராவும் பதிவு வசதியும் பயன்படுத்தக் கூடாது. மீறினால் குறிப்பிட்ட காலத்துக்கு வாங்கி வைக்கலாம் என்பது அதன் சாரம். தண்டனை அளவு மீறக் கூடாது, எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. தில்லியின் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் மதுரையிலோ சென்னையிலோ ஒரு நீதிபதி முன் எடுத்து வைக்கத் தகுந்ததுதான்.

எனவே பையனின் அப்பா சொல்லும் திருட்டு வழக்குக்குப் பயப்படாதீர்கள். நேர்மையற்ற நோக்கத்தோடு எடுத்தால்தான் திருட்டு. நாற்பது பேர் பார்க்க வாங்கி, பள்ளி அலமாரியில் வைத்த பொருளுக்கு அது பொருந்தாது.

திரை விரிசல் வேறு விஷயம். அடுத்தவர் பொருளைக் கையில் வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைக் காக்கும் அளவுக்காவது அதைக் காக்க வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு தரும் அளவுகோல். இங்கே ஒப்பந்தம் எதுவும் இல்லையே என்று வாதாடலாம், நானே வாதாடுவேன். ஆனால் நீதிமன்றம் ஏறக்குறைய அதே அளவுகோலைத்தான் எடுக்கும். அலமாரிக்குப் பூட்டு இருந்ததா? செல்போனை வாங்கியபோது திரை எப்படி இருந்தது என்று யாராவது எழுதி வைத்தார்களா? விடைத்தாள் கட்டு அதன்மீது விழுந்திருக்கலாம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். திரை மாற்றும் செலவைப் பள்ளி நிர்வாகம் ஏற்றுக்கொள்வதுதான் நியாயம். அலமாரி உங்களுடையது அல்ல, பள்ளியுடையது. முழு விலையைத் தர வேண்டியதில்லை. கொடுக்கும் தொகைக்கு, ‘பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ண அடிப்படையில்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

திறந்ததுதான் சிக்கல்

‘அவனே பூட்டைத் திறந்து கொடுத்தான், நான் கட்டாயப்படுத்தவில்லை’ என்கிறீர்கள். பதினாறு வயதுப் பையன், வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, கையும் களவுமாகப் பிடித்த ஆசிரியர் எதிரே நிற்கும்போது ‘மாட்டேன்’ என்று சொல்ல முடியுமா? அதைச் சம்மதம் என்று நான் எந்த நீதிமன்றத்திலும் சொல்லத் துணியமாட்டேன்.

இன்றைய செல்போனைத் திறப்பது ஒருவரின் வீட்டு பீரோவைத் திறப்பது போல. அதில் அந்தப் பையனின் குறும்பு மட்டும் இல்லை. அம்மாவின் மருத்துவ அறிக்கை இருக்கும், அப்பாவின் வங்கிச் செய்தி இருக்கும், அக்காவின் வரன் பார்க்கும் படம் இருக்கும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொன்னது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அது இல்லை என்று சொல்லவில்லை. அரசிடம் சம்பள மானியம் பெறும் பள்ளி என்பதால், ‘இது தனியார் விவகாரம்’ என்று உங்கள் நிர்வாகம் எளிதில் ஒதுங்கிவிடவும் முடியாது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவும் இருக்கிறது. உரிமையாளரின் அல்லது பொறுப்பில் இருப்பவரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினிக்குள் நுழைவது, அதிலிருந்து தகவலை நகலெடுப்பது ஆகியவற்றுக்கு நஷ்டஈடு கேட்கலாம். ஸ்மார்ட்போனும் அந்த வரையறைக்குள் வரும். நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கம் இருந்தால்தான் 66ஆம் பிரிவின்கீழ் அது குற்றமாகும். உங்களுக்கு அப்படி எந்த நோக்கமும் இல்லை. ஆகவே உங்கள்மீது குற்ற வழக்கு நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு சாமர்த்தியமான வழக்கறிஞர் அந்த அப்பாவுக்குக் கிடைத்தால், திருட்டை விட்டுவிட்டு இதைத்தான் பிடிப்பார்.

என்ன செய்திருக்கலாம்? செல்போனை அணைத்து, ஒரு உறையில் போட்டு, பையனின் பெயரும் நேரமும் எழுதி, அன்று மாலையே பெற்றோரை வரவழைத்து, அவர்கள் முன்னிலையில் அவர்களையே திறந்து காட்டச் சொல்லியிருக்கலாம். அவர்கள் மறுத்தால் மறுத்ததை எழுதி வைத்திருக்கலாம். இது கோழைத்தனம் அல்ல. உங்களுக்கு எதிராக ஒரு சொல்லும் எழ வழியில்லாத நடைமுறை.

உரக்கப் படித்தது

இதைப் பற்றிக் கடிதத்தில் ஒரே வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். அதன் பிறகு பையன் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த மூன்று நாட்கள்தான் கலக்கம் தந்தன. வகுப்பில் அன்று அவமானப்பட்டவன் அவன் மட்டும் இல்லை. அந்தக் குறிப்பு எந்த மாணவியைப் பற்றியதோ, அவளும் அதே அறையில் உட்கார்ந்திருந்தாள். அதுவரை நாலைந்து பையன்களுக்கு மட்டும் தெரிந்திருந்த கொச்சை வரி, உங்கள் வாயால் வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

பலர் முன்னிலையில் சிறுமைப்படுத்துவதும் உடல் தண்டனைக்கு நிகரான தவறுதான் என்று தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் கருதுகின்றன. குழந்தைக்குத் தேவையற்ற மனத்துன்பம் தரும் கொடுமையை இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு தண்டிக்கிறது. ஒரு முறை கோபத்தில் நடந்ததற்கு அந்தப் பிரிவு பாயாது என்றே நம்புகிறேன். ராஜஸ்தானில் மாணவரைக் கண்டித்த உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்மீது தற்கொலைக்குத் தூண்டியதாகப் போடப்பட்ட வழக்கை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஒழுங்கீனத்துக்காக ஆசிரியர் கண்டிப்பது மட்டுமே தூண்டுதல் ஆகாது என்றது. ஆசிரியர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் அந்த ஆறுதல் எப்படிப்பட்ட வழக்கில் கிடைத்தது என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். செல்போன் பறிபோன அன்று, வகுப்பே சிரித்த அன்று, ஒரு பிள்ளையைத் தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பெற்றோருக்கு ஒரு அழைப்பு, ஆலோசகர் இருந்தால் அவரிடம் பத்து நிமிடம். அரசின் மனநல உதவி எண் 14416 பள்ளி அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும்.

இதற்கு நீங்கள் வருத்தம் தெரிவிக்கலாம், தெரிவிக்கவும் வேண்டும். அந்த மாணவியிடம் முதலில், தனியாக. பிறகு பையனிடம். வாய்மொழியாகப் போதும்.

படங்கள்: இங்கே தாமதிக்காதீர்கள்

மாணவிகளின் படங்கள் ‘முகம் சுளிக்க வைப்பவை’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இரண்டு விதமாகவும் பதில் சொல்கிறேன்.

அவை சாதாரணப் படங்கள், குறிப்புகள்தான் கொச்சை என்றால், முதல் கட்டமாகப் பள்ளிக்குள்ளேயே கையாளலாம். மாணவிகளின் பெற்றோருக்குத் தெரிவிப்பது கட்டாயம். ‘பெயர் கெட்டுவிடும்’ என்று அவர்களிடமிருந்து மறைக்கும் பழக்கம் நம் பள்ளிகளில் நிறைய இருக்கிறது. யாருடைய பெயர் என்று நான் கேட்பதுண்டு. பெரும்பாலும் பள்ளியின் பெயராகத்தான் இருக்கிறது. மாணவிகள் நேரடியாகப் பேச விரும்பினால் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 ஆகியவை இருக்கின்றன.

படங்களில் ஒன்றே ஒன்று, பாலியல் தன்மை உடையதாகவோ, முகத்தை வேறு உடலோடு ஒட்டியதாகவோ இருந்தால் நிலைமை தலைகீழ். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்திருப்பது தெரிந்தவர் காவல் துறைக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விடுவது 21ஆம் பிரிவின்படி குற்றம்: தனிநபருக்கு 6 மாதம் வரை, நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. ‘தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன்’ என்பது உங்களைக் காப்பாற்றாது.

அதைவிட ஆபத்து, அந்தப் படங்கள் இப்போது உங்கள் செல்போனிலும் இருப்பது. குழந்தைகளின் பாலியல் படங்களைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்கீழ் குற்றம். வெறுமனே வைத்திருப்பது குற்றமில்லை என்ற பொருளில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆதாரம் சேர்க்கிறோம் என்ற நல்ல எண்ணத்தில் ஆசிரியர்கள் செய்யும் இந்தக் காரியம் எத்தனை விபரீதம் என்று அவர்களுக்கே தெரிவதில்லை. சந்தேகம் இருந்தால் இன்றே ஒரு வழக்கறிஞரோடு அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போய், நடந்ததை அப்படியே எழுதிக் கொடுங்கள். நீங்களாக எதையும் அழிக்காதீர்கள். வேறு எவருக்கும் அனுப்பாதீர்கள். தலைமை ஆசிரியரும் அதை வேறு குழுக்களில் பகிர்ந்திருக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்களை வீடியோ எடுத்தது

அனுமதி இல்லாமல் படம் பிடித்தாலே சைபர் குற்றம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு உடலின் அந்தரங்கப் பகுதிகளைப் படமெடுப்பதற்கானது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு, தனிமையில் இருக்கும் பெண்ணை மறைந்து பார்ப்பதற்கும் படமெடுப்பதற்குமானது. வகுப்பில் ஊசல் படம் வரைந்துகொண்டிருந்த ஆசிரியைக்கு இரண்டும் பொருந்தா. அந்த வீடியோவில் உங்கள் பெண்மையை இழிவுபடுத்தும் நோக்கம் தெரிந்தால் அதே சன்ஹிதாவின் 79ஆம் பிரிவைப் பார்க்கலாம். சினிமா வசனம் ஒட்டிய கேலிக்கு அது அதிகம்.

தவிர, அவனுக்கு வயது பதினாறு. இளைஞர் நீதி விதிகளின்படி, கொடுங்குற்றமாக இருந்தாலோ பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தாலோ தவிர, சிறார்மீது முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்படுவதில்லை. காவல் நிலைய நாட்குறிப்பில் பதிந்து, சமூகப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவார்கள். ‘ஒரு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தால் புத்தி வரும்’ என்று உங்கள் சக ஆசிரியர் சொன்ன யோசனையை மறந்துவிடுங்கள். வீடியோ எங்காவது பதிவேற்றப்பட்டிருந்தால் அந்தத் தளத்திலேயே புகார் செய்து நீக்கச் சொல்லுங்கள். பள்ளி அளவில் எழுத்துப்பூர்வமாக எச்சரிக்கட்டும். அது போதும்.

ஒரே வரியில் சொன்ன மாணவர்

இனி, கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். நீங்கள் எழுதியவற்றில் பள்ளியின் நிலை மிகவும் பலவீனமாக இருப்பது இங்கேதான். அந்த அப்பாவின் மிரட்டலில் அல்ல. பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்கு செல்போன், உங்கள் மூக்குக் கண்ணாடியைப் போல அவசியமானது. கரும்பலகையில் நீங்கள் எழுதுவதை அவர் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறார். பாடநூலைத் திரைவாசிப்பான் படித்துச் சொல்லக் கேட்கிறார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் ஒவ்வொரு மாணவரின் தேவைக்கேற்ற நியாயமான வசதியைச் செய்து தர வேண்டும் என்று 16ஆம் பிரிவில் வெளிப்படையாகச் சொல்கிறது. அப்படிச் செய்து தர மறுப்பதையே அந்தச் சட்டம் பாகுபாடு என்று வரையறுக்கிறது. எல்லோருக்கும் ஒரே விதி என்ற தலைமை ஆசிரியரின் வாதம் கேட்க நியாயமாக இருக்கலாம். சட்டத்தின் முன் அதுதான் தவறு. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அந்தப் பெற்றோர் ஒரு மனு போட்டால் பள்ளிக்குப் பதில் சொல்ல வார்த்தை இருக்காது.

நீரிழிவு உள்ள பிள்ளைகள் சிலர், சர்க்கரை அளவை செல்போனில் பார்க்கும் கருவியை உடலில் அணிந்து வருகிறார்கள். அவர்களுக்கும் இதே நியாயம்தான். மற்ற மாணவர்கள் கேட்டால், காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். இந்த விஷயத்தில் பெரியவர்களைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள்.

தடைப் பலகையும் க்யூஆர் குறியீடும்

நீங்கள் ஊசல் நடத்தும் பாடநூல் 2018இல் வந்தது. அதன் முன்பக்கங்களில், திறன்பேசியில் ஸ்கேனர் செயலியை எப்படி நிறுவுவது என்று படிப்படியாக விளக்கம் இருக்கிறது. வாசலில் பலகை தடுக்கிறது, புத்தகம் எடுக்கச் சொல்கிறது, மாலையில் வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வருகிறது. இந்த மூன்றுக்கும் நடுவில் நிற்கும் பிள்ளையிடம் ‘விதி தெரியாதா?’ என்று கேட்டால், எந்த விதி என்று அவன் திருப்பிக் கேட்கலாம். முழுத் தடை போடும் பள்ளிக்கும் சட்டத்தில் இடமுண்டு; ஆனால் தடை என்றால் தடையாக இருக்க வேண்டும். கல்லூரி விடுதியில் செல்போனுக்கு நேரக் கட்டுப்பாடு விதித்ததை எதிர்த்த மாணவியை வெளியேற்றிய வழக்கில், இணையத்தைப் பெறும் உரிமை கல்வி உரிமையின், அந்தரங்க உரிமையின் பகுதி என்று 2019இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. அது வயது வந்தவர்களின் விடுதி. உங்கள் வகுப்பறைக்கு அப்படியே பொருந்தாது. நீதிமன்றங்கள் போகும் திசையை மட்டும் அது காட்டுகிறது.

‘அவன் செல்போன் பார்த்தால் அவனுக்குத்தான் நஷ்டம், விடுங்கள்’ என்று இன்னொரு ஆசிரியர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் சரியில்லை. கனடாவில் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், வகுப்பில் மடிக்கணினியில் வேறு வேலை பார்த்தவர்கள் மட்டுமல்ல, அவர்கள் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்தவர்களும் தேர்வில் குறைவாக எடுத்தார்கள். இங்கிலாந்தில் செல்போனைத் தடை செய்த பள்ளிகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, பின்தங்கிய மாணவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்ததாகச் சொன்னது. நன்றாகப் படிப்பவர்களுக்குக் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆக, கவனத்தைக் காப்பது உங்கள் கடைசி பெஞ்சுக்காகத்தான்.

நான் ஆசிரியர் இல்லை. கற்பிக்கும் முறையை உங்களுக்குச் சொல்லித் தர வரவில்லை. ஆனால் சட்டம் ஏற்கும்படி ஒரு வகுப்பு விதி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல முடியும். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் வைத்து, பெற்றோர் கையெழுத்தோடு கோப்பில் சேருங்கள். அதில் இவை இருக்கட்டும்:

எங்கே: காலையில் அணைத்து, சுவரில் மாட்டிய எண் போட்ட துணிப் பையில் வைப்பது. வைக்கும்போதே விரிசல் இருந்தால் பதிவேட்டில் குறிப்பது. அந்த ஒரு பதிவேடு இருந்திருந்தால் இன்று நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள்.

எப்போது: ஆசிரியர் சொல்லும் நேரத்துக்கு மட்டும். தனிஊசல் சோதனைக்கு நான்கு பேருக்கு ஒரு செல்போன் போதும். நிறுத்துக் கடிகாரமாகவும் ஆகும். ஜெர்மனியின் ஆக்கன் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் செயலியைப் போட்டால் அலைவு நேரத்தை அதுவே கணக்கிடும். சொந்த செல்போன் இல்லாத பத்துப் பேர் உங்கள் வகுப்பில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குழுவாகச் செய்தால் யாருக்கு இல்லை என்பது வெளியே தெரியாது. செல்போன் இல்லாமல் செய்ய முடியாத வேலைக்கு மதிப்பெண் வைக்காதீர்கள்.

மீறினால்: முதல் முறை மாலையில் கையில் கொடுப்பது, அடுத்த முறை பெற்றோரிடம் கொடுப்பது. எந்த நிலையிலும் இரண்டு நாளுக்கு மேல் பள்ளியில் வைத்திருக்க வேண்டாம். அபராதம் வாங்க வேண்டாம். ரசீது கொடுக்க முடியாத பணம் ஆசிரியர் மேசையில் இருக்கக் கூடாது. ஆசிரியர்கள் மாணவர் செல்போனைத் திறக்கமாட்டார்கள் என்ற வரியும் அதிலேயே இருக்கட்டும். பெற்றோரின் நம்பிக்கை அந்த வரியில்தான் பிறக்கும்.

வாட்ஸ்அப் குழுவையும் கொஞ்சம் கவனியுங்கள். சாதாரணக் குழுவில் ஒவ்வொரு மாணவியின் எண்ணும் அத்தனை பேருக்கும் தெரியும். தொந்தரவுகள் பாதி அங்கிருந்துதான் தொடங்குகின்றன. கம்யூனிட்டி அறிவிப்புக் குழுவாக மாற்றினால் எண்கள் மறையும்; பெற்றோர் எண்ணையே சேர்ப்பது இன்னும் நல்லது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தைகளாகவே கருதுகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. குழந்தைகளின் எண்களையும் படங்களையும் இப்படி அள்ளி இறைக்கும் பழக்கத்தைப் பள்ளிகள் விட்டாக வேண்டும்.

உங்கள் செல்போன் மேசைமீது இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அரசு ஊழியர்கள் அலுவலக நேரத்தில் சொந்தத் தேவைக்கு செல்போன் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்த விதி வகுக்குமாறு 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உதவி பெறும் பள்ளி ஆசிரியருக்கு அது நேரடியாகப் பொருந்துமா என்பதெல்லாம் இருக்கட்டும். பிள்ளைகளின் கண்ணுக்குப் பொருந்தும்.

மன்னிப்புக் கடிதம் கேட்கிறார்களே

எழுதாதீர்கள். ‘செல்போனைச் சேதப்படுத்தியதற்கு மன்னிக்கவும்’ என்று ஒரு வரி உங்கள் கையெழுத்தில் போனால், நாளைக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் அதுதான் முதல் சான்றாவணம். தலைமை ஆசிரியர் எழுத்து மூலம் குறிப்பாணை கொடுத்தால், நடந்ததைத் தேதி, நேரம், உடனிருந்தவர்கள் விவரத்தோடு விளக்கமாக எழுதிக் கொடுங்கள். குற்றச்சாட்டைத் தெரிவித்து, விளக்கம் கேட்டு, விசாரிக்காமல் உங்கள்மீது பெரிய நடவடிக்கை எதுவும் எடுக்க முடியாது. எழுதும்போது பூட்டைத் திறக்கச் சொன்னதை மறைக்காதீர்கள். நாற்பது சாட்சிகள் இருக்கிறார்கள். படங்கள் எதையும் விளக்கத்தோடு இணைக்காதீர்கள். மாணவிகளின் பெயர்களையும் எழுத வேண்டாம். ‘பெயர்களை மூடிய உறையில் தனியே தருகிறேன்’ என்று குறிப்பிட்டால் போதும். நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

விதியை வகுக்க அடுத்த பெற்றோர் கூட்டம் வரை பொறுக்கலாம். அந்தப் பார்வைக் குறைபாடுள்ள மாணவரின் செல்போனை மட்டும் நாளைக் காலையே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். தலைமை ஆசிரியர் தயங்கினால், நான் மேலே குறிப்பிட்ட 16ஆம் பிரிவை ஒரு தாளில் எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள்.